கோகோலின் 'ரெவிசோர்' மேடையிலும் திரையிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்ய நாடகங்களில் அதிகம் மேடையேறியவை என்று எடுத்துக்கொண்டால் நிகோலாய் கோகோலின் 'ரெவிசோர்' கட்டாயம் அதில் இருக்கும். 1836-இல் முதலில் நடிக்கப்பட்டது. இன்றுவரை மேடையை விட்டு இறங்கவில்லை. நாடகத்தைப் படித்தவர்களும், ஏதோ ஒரு படத்தைப் பாதி பார்த்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். சில பதில்கள் நீளம். எனக்கு மிகவும் பிடித்த நாடகம், அதனால் அப்படி.

கதை என்ன?

ரஷ்யாவின் ஏதோ ஒரு மூலையில் ஒரு சின்ன ஊர். அங்கிருந்து மூன்று வருடம் குதிரையை விரட்டினாலும் எந்த நாட்டையும் எட்ட முடியாது என்று அதன் நகரத் தலைவரே சொல்கிறார், அவ்வளவு உள்ளடங்கிய ஊர். திரை எழுந்ததும் அவர் அதிகாரிகளைக் கூட்டிவைத்து ஒரு கெட்ட செய்தி சொல்கிறார்: தணிக்கை அதிகாரி வருகிறார். அதுவும் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து, தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல், ரகசிய உத்தரவோடு.

எல்லோருக்கும் குலை நடுங்குகிறது, ஏனென்றால் எல்லோர் கையிலும் கறை. நீதிபதி காசாக வாங்குவதில்லை, வேட்டை நாய்க்குட்டிகளாக வாங்குகிறார். அதனால் அது லஞ்சமே ஆகாது என்பது அவர் கட்சி. அஞ்சல் அதிகாரி ஊரார் கடிதங்களை எல்லாம் பிரித்துப் படிக்கிறார். தர்ம ஆஸ்பத்திரியில் விலை கூடிய மருந்து கொடுப்பதே இல்லை; பிழைக்கிறவன் எப்படியும் பிழைப்பான், சாகிறவன் எப்படியும் சாவான் என்று நடத்துகிறார்கள். ஆஸ்பத்திரியோடு ஒரு தேவாலயம் கட்ட ஐந்து வருடத்துக்கு முன் பணம் வந்தது. கட்டவே இல்லை. யாராவது கேட்டால் "கட்ட ஆரம்பித்தோம், தீப்பிடித்து எரிந்துவிட்டது" என்று சொல்லச் சொல்கிறார் தலைவர்.

அந்த நேரம் பார்த்து சத்திரத்தில் ஒரு இளைஞன் தங்கியிருக்கிறான். ஹ்லெஸ்தகோவ், வயது 23. சீட்டாட்டத்தில் பணத்தை விட்டுவிட்டு, சாப்பாட்டுக் கடனைக் கட்ட வழியில்லாமல் இரண்டு வாரமாக அங்கேயே கிடக்கிறான். பணம் கொடுக்காமல் தைரியமாக உட்கார்ந்திருக்கிறான் என்றால் அவன்தான் அந்த அதிகாரி என்று பாப்சின்ஸ்கி, தாப்சின்ஸ்கி என்ற இரண்டு வாயாடிகள் முடிவு கட்டி ஓடிவந்து சொல்கிறார்கள். அவ்வளவுதான். ஊரே அவன் காலடியில். பணம், விருந்து, கடைசியில் தலைவரின் மகளோடு நிச்சயதார்த்தம். அவன் வண்டி ஏறிப் போன பிறகு அஞ்சல் அதிகாரி வழக்கம்போல அவன் எழுதிய கடிதத்தைப் பிரிக்கிறார். உண்மை வெளிவருகிறது. அதே நேரத்தில் ஒரு காவலர் உள்ளே வந்து அறிவிக்கிறார்: பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பேரரசரின் உத்தரவோடு அதிகாரி வந்திருக்கிறார், சத்திரத்தில் தங்கியிருக்கிறார், உடனே வரச் சொல்கிறார்.

பெயர் ஏன் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது?

'ரெவிசோர்' என்றால் தணிக்கை செய்யவோ மேற்பார்வையிடவோ வருகிற அதிகாரி. ஆங்கிலத்தில் 'தி கவர்ன்மென்ட் இன்ஸ்பெக்டர்' என்றும் 'தி இன்ஸ்பெக்டர் ஜெனரல்' என்றும் இரண்டு பெயர் ஓடுகின்றன. இரண்டாவதைத் தமிழில் அப்படியே எழுதினால் போலீஸ் ஐ.ஜி. என்றுதான் நம் காதில் விழும். அதனால் இங்கே 'ரெவிசோர்' என்றே எழுதுகிறேன். 'நகரத் தலைவர்' என்று நான் எழுதுவது ரஷ்யத்தில் கொரோத்னிச்சி. அவர் மக்கள் தேர்ந்தெடுத்தவர் இல்லை. அரசு நியமித்து, ஊர்ப் போலீஸையும் கையில் வைத்திருந்த அதிகாரி. 'மேயர்' என்று மொழிபெயர்க்கும்போது இந்த அதிகாரம் காணாமல் போகிறது.

கதைக் கருவைக் கவிஞர் புஷ்கின்தான் கொடுத்தாரா?

1835 அக்டோபரில் கோகோல் புஷ்கினுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ஏதாவது ஒரு கரு கொடுங்கள், ஐந்து அங்கத்தில் நகைச்சுவை நாடகம் எழுதிக் காட்டுகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். 1833-இல் புகச்சோவ் கலகத்தைப் பற்றித் தகவல் சேகரிக்க ஊர் ஊராகப் போன புஷ்கினையே ரகசிய அதிகாரி என்று சந்தேகித்திருக்கிறார்கள். நீழ்னி நோவ்கரத் ஆளுநர் ஒரென்பர்க் ஆளுநருக்கு, "இவர் விஷயத்தில் கவனமாக இருங்கள்" என்று எச்சரித்து எழுதினார். ஆகவே கரு புஷ்கினிடமிருந்து வந்தது என்று நம்பக் காரணம் உண்டு. ஆனால் இப்படி ஆள்மாறாட்டம் நடப்பது அன்றைய ரஷ்யாவில் ஊருக்கு ஊர் பேசப்பட்ட விஷயம்தான்.

ஜார் ஆட்சியில் இதை எப்படி அனுமதித்தார்கள்?

கவிஞர் ஷுகோவ்ஸ்கி அரண்மனைக்கு நெருக்கமானவர். அவர் முயற்சியால் நாடகம் முதலாம் நிகலாஸின் காதுக்குப் போனது, பேரரசரே சம்மதித்தார். 1836 ஏப்ரல் 19 அன்று, அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி, பீட்டர்ஸ்பர்க் அலெக்ஸாந்திரின்ஸ்கி அரங்கில் முதல் காட்சி. பேரரசர் நேரில் வந்தார், சிரித்தார். "எல்லோருக்கும் அடி கிடைத்தது, எனக்குத்தான் எல்லோரையும் விட அதிகம்" என்று சொல்லிவிட்டுப் போனார் என்று அந்தக் கால நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன.

இதை வைத்து, நாடகம் அரசை ஒன்றும் தொடவில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. கெட்ட அதிகாரிகளை மேலிருந்து ஒரு நல்ல அதிகாரி வந்து தண்டிப்பார், அப்படி எடுத்துக்கொண்டால் பேரரசருக்கு இது இனிக்கத்தான் செய்யும். நான் அப்படிப் படிக்கவில்லை. கடைசியில் வருகிறவர் நல்லவர் என்று நாடகம் எங்கேயும் சொல்லவில்லை. அவர் முகத்தையே நாம் பார்ப்பதில்லை. பார்ப்பதெல்லாம் மேலே இருப்பவனுக்கு நடுங்கியே பழகிப்போன ஓர் ஊரை. அந்த நடுக்கம் யாரை உட்கார்த்தினாலும் அவனை அதிகாரி ஆக்கிவிடும். 'ரெவிசோர்' அரசியல் நாடகம் என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு தயாரிப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எனக்கு இது ஒன்றே அளவுகோல்: மேடையில் பயம் இருக்கிறதா, இல்லையா.

முதல் காட்சி வெற்றி என்றால் கோகோல் ஏன் மனம் நொந்தார்?

ஹ்லெஸ்தகோவாக நடித்த நிகோலாய் த்யூர் அந்தக் காலத்தில் இசை கலந்த கேலி நாடகங்களில் பேர் வாங்கியவர். பாத்திரத்தை அவர் தனக்குத் தெரிந்த வழியில் நடித்தார்: வழக்கமான மேடைப் புளுகன், பளபளப்பான போக்கிரி. கோகோலுக்கு அது நெஞ்சில் குத்தியது. மற்ற நடிகர்களும் கேலிச்சித்திரத்துக்குப் போனார்கள். தன் படைப்பே தன்னுடையது இல்லாத மாதிரி, அருவருப்பாகத் தெரிந்தது என்று பிறகு எழுதினார். நகரத் தலைவராக வந்த சஸ்னீத்ஸ்கி மட்டும் அவருக்குத் திருப்தி தந்தார்.

அப்புறம் வெளியே கிளம்பிய சத்தம். நடிகர் மிகயீல் ஷெப்கினுக்கு எழுதிய கடிதத்தில் கோகோல் கணக்குச் சொல்கிறார்: வயதான அதிகாரிகள் எனக்கு எதிர், போலீஸ்காரர்கள் எதிர், வியாபாரிகள் எதிர், எழுத்தாளர்களும் எதிர். திட்டிக்கொண்டே காட்சிக்கும் போனார்கள். டிக்கெட் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. மே மாதம் மாஸ்கோவில் மாலி அரங்கில் ஷெப்கின் நகரத் தலைவராக நடித்தார். அந்தப் பாத்திரத்துக்கே அவர் பேர் என்றாகிவிட்டது. கோகோல் அதைப் பார்க்க இருக்கவில்லை. ஜூனில் ரஷ்யாவை விட்டுக் கிளம்பிவிட்டார்.

ஹ்லெஸ்தகோவ் ஏமாற்றுக்காரனா, இல்லையா?

இந்த ஒரு கேள்விக்கு இயக்குநர் சொல்கிற பதிலில்தான் தயாரிப்பின் விதியே இருக்கிறது.

அவன் யாரையும் ஏமாற்றத் திட்டமிடவில்லை. அரசுப் பதவி அடுக்கில் இருந்த 14 படிகளில் கடைசிப் படி அவன். நகரத் தலைவர் சத்திரத்து அறைக்குள் வரும்போது, கடனுக்காகத் தன்னைச் சிறைக்குக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறார் என்று அவன் பயப்படுகிறான். தலைவரோ அவனைப் பார்த்து நடுங்குகிறார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்து நிற்கிற அந்தக் காட்சியைச் சரியாகப் பிடித்துவிட்டால் நாடகத்தில் பாதியைப் பிடித்த மாதிரி. அவன் தயங்கித் தயங்கி 200 ரூபிள் கடன் கேட்கிறான். தலைவர் நைசாக 400-ஐத் திணித்துவிட்டு அப்பாடா என்று மூச்சு விடுகிறார்.

அடுத்து அந்தப் புகழ்பெற்ற பொய்க் காட்சி. சாப்பிட்டு, குடித்து, பெண்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். முதலில் சின்னப் பொய். யாரும் மறுக்கவில்லை. கொஞ்சம் பெரிய பொய். அப்போதும் எல்லோரும் வாய் பிளக்கிறார்கள். மேசையில் 700 ரூபிள் விலையுள்ள தர்ப்பூசணி. பாரீஸிலிருந்து நேரே கப்பலில் சட்டியோடு வந்த சூப். மூடியைத் திறந்தால் ஆவி. ஒரு துறையை நடத்த ஆளில்லாமல் அவனைக் கூப்பிட வீதியெல்லாம் தூதர்கள், தூதர்கள், 35,000 தூதர்கள். இதற்கு நடுவில் தான் நாலாவது மாடிக்கு ஏறிப்போய்ச் சமையல்காரியிடம் கோட்டைக் கொடுப்பதையும் உளறிவிடுகிறான். அந்த ஒரு வரியில் அவன் உண்மையான வாழ்க்கை எட்டிப் பார்க்கிறது. யாரும் கவனிப்பதில்லை. பயத்தில் காது அடைத்துவிட்டது.

அந்த நிமிடம் ஹ்லெஸ்தகோவின் வாழ்க்கையிலேயே மிகக் கவித்துவமான நிமிடம், அவன் மனமார்ந்து பொய் சொல்கிறான் என்று கோகோலே நடிகர்களுக்கு விளக்கியிருக்கிறார். 1921-இல் மாஸ்கோ கலை அரங்கில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி இயக்கியபோது ஹ்லெஸ்தகோவாக நடித்த மிகயீல் செகாவ் இதைப் பிடித்தார். இவர் எழுத்தாளர் அந்தோன் செகாவின் அண்ணன் மகன். பார்த்தவர்கள் எழுதிவைத்ததில் ஒரு சின்னச் செய்தி என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது: தர்ப்பூசணியின் அளவைக் காட்டும்போது அவர் காற்றில் வட்டம் போடாமல் சதுரம் போட்டுக் காட்டினாராம். எதிரே இருப்பவர்கள் சதுரத் தர்ப்பூசணியையும் நம்பித் தலையாட்டுகிறார்கள். நாடகம் முழுவதும் அந்த ஒரு கையசைவில் இருக்கிறது.

மௌனக் காட்சி என்கிறார்களே, அது என்ன?

காவலர் அறிவித்ததும் மேடையில் எல்லோரும் அப்படியே கல்லாகி நிற்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் என்று கோகோல் பிரதியிலேயே எழுதியிருக்கிறார். நடுவில் நகரத் தலைவர், கைகளை விரித்து, தலையைப் பின்னால் சாய்த்து, தூண் மாதிரி. யார் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், யார் கை எங்கே இருக்க வேண்டும் என்பதுவரை சொல்லியிருக்கிறார்.

கடிகாரத்தை எடுத்துவைத்து ஒன்றரை நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். மேடையில் அது மிக நீளம். 20 விநாடியில் சிரிப்பு அடங்கும், 40 விநாடியில் ஆட்கள் நெளிய ஆரம்பிப்பார்கள், அப்புறம்தான் அரங்கில் உண்மையான அமைதி வரும். பெரும்பாலான தயாரிப்புகள் 20 விநாடியிலேயே விளக்கை அணைத்துவிடுகின்றன. முதல் காட்சியிலும் இந்த இடம் சரியாக வரவில்லை என்பது கோகோலின் குறைகளில் ஒன்று.

"யாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்? உங்களைப் பார்த்தே சிரிக்கிறீர்கள்!" என்ற வசனம் முதலிலிருந்தே உண்டா?

இல்லை. 1842-இல் கோகோல் திருத்தி வெளியிட்ட பதிப்பில் சேர்ந்தது. முகம் கோணலாக இருந்தால் கண்ணாடியைக் குறை சொல்லாதே என்ற பழமொழியும் அப்போதுதான் முகப்பில் ஏறியது.

தலைவர் இதை யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதை ஒவ்வொரு இயக்குநரும் புதிதாக முடிவு செய்ய வேண்டும். மேடையில் நிற்கிற அதிகாரிகளைப் பார்த்தா, நம்மைப் பார்த்தா? 1921 தயாரிப்பில் நகரத் தலைவராக நடித்த மஸ்க்வீன் மேடை விளிம்புக்கு வந்து நேரே பார்வையாளர்களிடம் சொன்னார். அந்த நேரத்தில் அரங்க விளக்குகளும் எரிந்தன. இருட்டில் பாதுகாப்பாக உட்கார்ந்து சிரித்தவர்கள் திடீரென்று பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டிவந்தது.

கோகோல் இதை ஆன்மிக நாடகம் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மைதான். 1846-இல் 'ரெவிசோரின் முடிவு' என்று ஒரு சிறு பிரதி எழுதினார். அந்த ஊர் நம் மனம், அதிகாரிகள் நம் கெட்ட ஆசைகள், கடைசியில் வருகிற உண்மையான ரெவிசோர் நம் மனசாட்சி என்று அதில் விளக்கம் வருகிறது. ஷெப்கினுக்கு இது பொறுக்கவில்லை. பத்து வருடமாக இந்த மனிதர்களோடு வாழ்ந்துவிட்டேன், இவர்களை என்னிடமிருந்து பறிக்காதீர்கள், எனக்குப் பிறகு வேண்டுமானால் ஆடுகளாகக்கூட மாற்றிக்கொள்ளுங்கள் என்று கோகோலுக்கே எழுதினார். இந்த வழக்கில் நான் ஷெப்கின் பக்கம்.

தஸ்தயேவ்ஸ்கி இதில் நடித்தாராமே?

ஆமாம். 1860-இல் கஷ்டப்படுகிற எழுத்தாளர்களுக்கு நிதி திரட்ட பீட்டர்ஸ்பர்க்கில் எழுத்தாளர்களே சேர்ந்து நடித்தார்கள். தஸ்தயேவ்ஸ்கி அஞ்சல் அதிகாரி ஷ்பேகின். பீசெம்ஸ்கி நகரத் தலைவர். துர்கேனிவ் வியாபாரிகள் கூட்டத்தில் ஒருவர். சைபீரியச் சிறையிலிருந்தும் அதைத் தொடர்ந்த ராணுவச் சேவையிலிருந்தும் விடுபட்டு தஸ்தயேவ்ஸ்கி தலைநகருக்குத் திரும்பிச் சில மாதமே ஆகியிருந்தது. பிறர் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற அதிகாரியாக அவரை நினைத்துப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

மேயர்ஹோல்ட் தயாரிப்பைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஏனென்றால் 'ரெவிசோர்' மேடை வரலாறு அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரிகிறது. 1926 டிசம்பர் 9, மாஸ்கோ. இயக்குநர் விசேவலத் மேயர்ஹோல்ட் நாடகத்தை ஐந்து அங்கமாக எடுத்துக்கொள்ளவில்லை. 15 காட்சித் துண்டுகளாக வெட்டினார். கோகோலின் பழைய வரைவுகளில் இருந்த வரிகளையும் உள்ளே கொண்டுவந்தார். விளம்பரத்தில் தன்னை 'தயாரிப்பின் ஆசிரியர்' என்று போட்டுக்கொண்டார். கோகோலைக் கொன்றுவிட்டார் என்று ஒரு கூட்டம் கத்தியது. இதுதான் கோகோல் என்று இன்னொரு கூட்டம்.

மேடையைச் சுற்றி மெருகேற்றிய செம்மரச் சுவர், அதில் வரிசையாகக் கதவுகள், மொத்தம் 15. இருட்டிலிருந்து ஒரு சின்ன மேடை சக்கரத்தில் உருண்டு முன்னால் வரும். அகலம் நாலேகால் மீட்டர், ஆழம் மூன்றரை, பார்வையாளர் பக்கம் சரிந்தது. அதன்மேல் சாமான்களும் பத்துப் பதினைந்து பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். இவ்வளவு பெரிய அரங்கில் இவ்வளவு சின்ன இடத்தில் மனிதர்களைத் திணிப்பதற்குக் காரணம் இருந்தது. ஒரு கை அசைந்தால், ஒரு கண் திரும்பினால், சினிமாவில் கிட்டத்தில் காட்டுவது போலத் தெரியும்.

எராஸ்ட் கரின் ஹ்லெஸ்தகோவ். கறுப்பு உடை, சதுரக் கண்ணாடி, கோட்டுப் பொத்தான் துளையில் தொங்குகிற ஒரு வளைய ரொட்டி. சிரிக்கவைக்கிறான், ஆனால் கூடவே ஏதோ பேயைப் பார்க்கிற குளிர்ச்சி. தலைவரின் மனைவி அன்னாவாக ஜினைதா ராய்ஹ். அவள் கனவு காணும்போது அலமாரிகளுக்குள்ளிருந்து இளம் ராணுவ அதிகாரிகள் முளைத்து வருவார்கள்.

லஞ்சக் காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். கோகோல் எழுதியதில் அதிகாரிகள் ஒவ்வொருவராக வந்து கொடுக்கிறார்கள்: நீதிபதி 300, அஞ்சல் அதிகாரி 300, பள்ளி மேற்பார்வையாளர் 300, ஆஸ்பத்திரிக்காரர் 400, கடைசியில் பாப்சின்ஸ்கியும் தாப்சின்ஸ்கியும் சேர்ந்து தேடியெடுத்த 65. மேயர்ஹோல்ட் என்ன செய்தார்? போதையில் தள்ளாடுகிற ஹ்லெஸ்தகோவைச் சுற்றி எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் பணக்கட்டு பிடித்த கை நீளும். அவன் ஒவ்வொரு கையாக வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டே போவான். முகம் தேவையில்லை, கைகள் போதும். ஓர் அரசு இயந்திரத்தை இதைவிடத் தெளிவாக யாரும் மேடையில் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

முடிவும் அப்படித்தான். நகரத் தலைவருக்குப் புத்தி பேதலித்து, கையைக் கட்டுகிற அங்கியை மாட்டுகிறார்கள். மணிகள் முழங்குகின்றன, எல்லோரும் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடிக்கொண்டே ஓடுகிறார்கள். வெள்ளைத் திரை ஒன்று எழும். ரெவிசோர் வந்துவிட்ட செய்தி அதில் எழுத்தாக இருக்கும். திரை மேலே போனதும் அதே பாத்திரங்கள் உறைந்து நிற்கிறார்கள். அசைவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்வையாளர்களுக்குப் புரியும், நிற்பவை ஆள் உயர பொம்மைகள். கோகோல் கேட்ட ஒன்றரை நிமிட உறைவு ஒருவழியாகக் கிடைத்தது, மனிதர்கள் இல்லாமல்.

பிறகு மேயர்ஹோல்டுக்கு என்ன ஆனது?

1938 ஜனவரியில் அவர் அரங்கை மூடினார்கள். 1939 ஜூனில் கைது. அடுத்த மாதமே ராய்ஹை மாஸ்கோ வீட்டில் கத்தியால் குத்திக் கொன்றார்கள். 1940 பிப்ரவரி 2 அன்று மேயர்ஹோல்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றமற்றவர் என்று 1955-இல் அறிவித்தார்கள். 2002-இல் வலேரி ஃபோகின் அதே அலெக்ஸாந்திரின்ஸ்கி அரங்கில் மேயர்ஹோல்ட் தயாரிப்பை அடித்தளமாக வைத்து 'ரெவிசோர்' செய்தபோது, அதற்கு ஓர் அஞ்சலியின் கனமும் இருந்தது.

1952 படம் ஸ்டாலின் காலத்தில் எப்படி வந்தது?

அது கோகோல் இறந்து நூறு வருடம் நிறைந்த ஆண்டு. மாஸ்ஃபிலிம் தயாரிப்பில் விளதீமிர் பெத்ரோவ் வண்ணத்தில் எடுத்தார். யூரி தலுபேயெவ் நகரத் தலைவர். ஹ்லெஸ்தகோவாக இளைஞர் ஈகர் கர்பச்சோவ். அதே வருடம் அக்டோபரில் கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டில் கட்சித் தலைவர்களில் ஒருவரான மலென்கோவ், நமக்கு சோவியத் கோகோல்களும் ஷெத்ரின்களும் வேண்டும் என்று பேசினார் (ஷெத்ரின் 19-ஆம் நூற்றாண்டு நையாண்டி எழுத்தாளர்). அதே காலத்தில்தான் மாஸ்கோவில் 1909 முதல் இருந்த, தலை குனிந்து சோகமாக உட்கார்ந்திருந்த கோகோல் சிலையை அகற்றிவிட்டு, நிமிர்ந்து நிற்கிற புதிய கோகோலை வைத்தார்கள். படமும் அந்த நிமிர்ந்த சிலை மாதிரிதான்: நடிப்பு சுத்தம், பேச்சு தெளிவு, பிரதி முழுசாக இருக்கிறது. பயம் மட்டும் பழைய காலத்து ஆட்களின் பயமாக, தூரத்தில் வைத்துக் காட்டப்படுகிறது. பிரதியைத் தெரிந்துகொள்ள நல்ல படம்.

1972-இல் இரண்டு பெரிய தயாரிப்புகள் வந்தன. எது மேல்?

லெனின்கிராத்தில் (பீட்டர்ஸ்பர்க்கின் சோவியத் காலப் பெயர்) தவ்ஸ்தனோகவ், மாஸ்கோ நையாண்டி அரங்கில் பிளூச்செக். இரண்டும் ஒரே வருடம்.

தவ்ஸ்தனோகவ் பயத்தையே நாடகத்தின் முக்கியப் பாத்திரமாக எடுத்துக்கொண்டார். நகரத் தலைவராக கிரீல் லவ்ரோவ். அவர் கண்ணுக்கு மட்டும் தெரிவது போல, கற்பனை ரெவிசோரின் கறுப்பு உருவம் மேலே தோன்றும். ஹ்லெஸ்தகோவாக பசிலஷ்வீலி, வேலைக்காரன் ஓசிப்பாக யூர்ஸ்கி. பிளூச்செக்கின் தயாரிப்பில் அனதோலி பப்பானவ் தலைவர், அந்திரேய் மிரோனவ் ஹ்லெஸ்தகோவ். மிரோனவின் உடம்பு நிற்காது; பேச்சு முடிவதற்குள் கால் நாட்டியம் ஆடும். இது 1982-இல் தொலைக்காட்சிக்காகப் பதிவானதால் இன்றும் பார்க்க முடிகிறது. கருத்தளவில் என் ஓட்டு லெனின்கிராத்துக்கு. ஆனால் பப்பானவின் அந்தக் கடைசிப் பேச்சு, ஏமாந்த கிழவனின் கோபமும் அழுகையும் ஒன்றாக வருவது, பார்த்தால் மறக்காது. பப்பானவ், மிரோனவ் இருவரும் 1987 ஆகஸ்டில், சில நாள் இடைவெளியில் காலமானார்கள்.

மற்ற ரஷ்யப் படங்கள்?

1977-இல் லியனீத் கைதாய் எடுத்த 'பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்த முகம் தெரியாதவர்'. இதிலும் பப்பானவ்தான் தலைவர், செர்கேய் மிகீத்ஸ்கோ ஹ்லெஸ்தகோவ். கைதாய் ஓட்டமும் சறுக்கலுமாகச் சிரிக்கவைப்பதில் மன்னர்; ஆனால் இந்த நாடகத்துக்கு அந்த வேகம் ஒத்துவரவில்லை, பயம் முளைக்க நேரமே கொடுப்பதில்லை. 1996-இல் செர்கேய் கஸாரவ் எடுத்ததில் நிகீதா மிகல்கோவ் தலைவர், யெவ்கேனி மிரோனவ் ஹ்லெஸ்தகோவ். சத்தம் அதிகம், ஆனால் நடிகர் கூட்டம் பெரிது. அன்னாவாக வரும் மரீனா நெயோலவாவுக்காகவே பார்க்கலாம்.

ஹாலிவுட் படம் நாடகத்துக்கு உண்மையாக இருக்கிறதா?

1949-இல் வார்னர் பிரதர்ஸ், ஹென்றி காஸ்டர் இயக்கம், டேனி கே நடிப்பு. மருந்து விற்கிற நாடோடிக் கூட்டத்தில் ஓர் எழுத்தறிவில்லாத நல்ல மனிதனைத் தவறாக அதிகாரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாட்டு, ஆட்டம், காதல் எல்லாம் உண்டு. கடைசியில் உண்மையான அதிகாரி வந்து அவனையே மேயர் ஆக்குகிறார். டேனி கே அபாரமான கலைஞர், குழந்தைகளோடு பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நாயகனை நல்லவனாக்கி, ரெவிசோரையும் நல்லவராக்கியதும் கோகோல் வீட்டை விட்டே போய்விடுகிறார்.

வேறு நாடுகளில் நல்ல தழுவல் உண்டா?

எனக்குப் பிடித்தது 1962-இல் லூயிஜி ஸாம்பா எடுத்த இத்தாலியப் படம் 'அன்னி ருஜ்ஜெந்தி'. 1937, முசோலினி ஆட்சி, தெற்கு இத்தாலியில் ஒரு சிற்றூர். காப்பீட்டு முகவர் ஒருவர் வருகிறார் (நீனோ மன்ஃப்ரெதி). ரோமிலிருந்து கட்சி அனுப்பிய கண்காணிப்பாளர் என்று உள்ளூர்ப் பாசிஸ்டுகள் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த நாயகனும் நல்லவன்தான், ஹாலிவுட் செய்த அதே மாற்றம். ஆனால் பயம் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் பயப்பட நிஜமான ஆட்சி ஒன்று பின்னால் நிற்கிறது. மெக்சிகோவில் 1974-இல் அல்ஃபோன்சோ அராவ் 'கால்சோன்சின் இன்ஸ்பெக்டர்' எடுத்தார். இங்கிலாந்து மேடையில் 1966-இல் பால் ஸ்கோஃபீல்ட், 1985-இல் ரிக் மேயல் ஹ்லெஸ்தகோவ் ஆனார்கள். சார்ல்ஸ் லாட்டனின் தொழில்முறை மேடை வாழ்க்கை தொடங்கியதே 1926-இல் இந்த நாடகத்தின் ஓசிப் பாத்திரத்தில்தான்.

இந்தியாவில்?

தேவ் ஆனந்தும் அண்ணன் சேத்தன் ஆனந்தும் தொடங்கிய நவ்கேதன் நிறுவனத்தின் முதல் படமே 'ரெவிசோர்' தழுவல்தான்: 1950-இல் வந்த 'அஃப்சர்'. சேத்தன் ஆனந்த் இயக்கம், தேவ் ஆனந்தும் சுரையாவும் நடிப்பு, எஸ். டி. பர்மன் இசை. சுரையா பாடிய 'மன் மோர் ஹுவா மத்வாலா' இன்றும் கேட்கப்படுகிறது. மராத்தியில் பு. ல. தேஷ்பாண்டே 'அம்மல்தார்' என்று மேடைக்குத் தழுவினார். அம்மல்தார் என்பது நிர்வாக அதிகாரிக்கு அங்கே வழங்கிய பதவிப் பெயர், கதைக்கு அச்சாகப் பொருந்துகிறது.

எங்கள் குழு இதை மேடையேற்ற நினைக்கிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

சிரிக்கவைக்க முயலாதீர்கள். கேலிச்சித்திரம் வேண்டாம் என்று கோகோலே நடிகர்களிடம் கெஞ்சியிருக்கிறார். ஒவ்வொரு பாத்திரமும் தன் கவலையில் முழு மனதோடு மூழ்கியிருந்தால் சிரிப்பு தானே வரும். பதற்றத்தில் நகரத் தலைவர் தொப்பிக்குப் பதில் தொப்பிப் பெட்டியைத் தலையில் வைக்கப் போகிற இடம் இருக்கிறதே, அதை வேடிக்கையாகச் செய்தால் ஒரு சிரிப்பு கிடைக்கும். உண்மையாகவே கை நடுங்கி எடுத்தால் அரங்கம் அதிரும், கூடவே அவர்மேல் ஒரு இரக்கமும் வரும்.

இன்றைய ஊர், இன்றைய கட்சி என்று மாற்றி எழுதுவது உங்கள் விருப்பம். மாற்றினால் பெயர்களை மட்டும் மாற்றாமல், யாருக்கு யார் பயப்படுகிறார்கள் என்பதை முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பாப்சின்ஸ்கியின் கோரிக்கையை நேரம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள். எல்லோரும் பணம் கொடுத்துக் காரியம் சாதிக்கப் பார்க்கும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்கிறார்: பீட்டர்ஸ்பர்க் போனதும் பெரிய மனிதர்களிடம், முடிந்தால் பேரரசரிடமும், "இன்ன ஊரில் பியோத்தர் இவானவிச் பாப்சின்ஸ்கி என்று ஒருவர் வாழ்கிறார்" என்று மட்டும் சொல்லுங்கள். நடிகர் இதை மெதுவாக, வெட்கத்தோடு சொல்லட்டும். அரங்கில் யாராவது சிரிப்பார்கள், சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்துவார்கள்.

ரஷ்யம் தெரியாது. எதில் தொடங்கலாம்?

முதலில் பிரதியைப் படியுங்கள்; ஒரு மாலைப்பொழுது போதும். பிறகு 1952 படம். கதை கையில் இருக்கும் என்பதால் மொழி தடையாகாது. அடுத்து 1982 பதிவில் பொய்க் காட்சியையும் கடைசிப் பத்து நிமிடத்தையும் மட்டுமாவது பாருங்கள். மேயர்ஹோல்ட் தயாரிப்பு முழுப் படமாகக் கிடைக்காது, புகைப்படங்கள் இருக்கின்றன. லஞ்சக் காட்சிப் படம் கண்ணில் பட்டால் அவசரமாகப் புரட்டிவிடாமல், கதவுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்.